முறையான உடற்பயிற்சியும் இளையோரின் உடல் உட்கூறும்

உடல் உட்கூறு என்பது ஒருவருடைய மொத்த எடையில் கொழுப்பு, தசை, எலும்பு, நீர் ஆகியவை எந்தெந்த அளவில் அடங்கியுள்ளன என்பதைக் குறிக்கும். எடை ஒன்றாகவே இருக்கும் இருவரின் உட்கூறு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முறையான உடற்பயிற்சி எடையைக் குறைப்பதைக் காட்டிலும் இந்த உட்கூறை மாற்றுவதில்தான் அதிகம் பயன் தருகிறது. கொழுப்பு குறைந்து தசை கூடும்போது எடை இயந்திரத்தின் முள் அசையாமல் நிற்கலாம். ஆனால் உடல்நலம் மேம்பட்டிருக்கும். 18 முதல் 30 வயது வரையிலான காலம் இம்மாற்றத்துக்கு மிகவும் ஏற்றது.

நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் இச்செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மலைச்சரிவில் ஏறி இறங்குவதும், தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதும், விறகும் தண்ணீரும் சுமப்பதும் முந்தைய தலைமுறையினரின் அன்றாட வாழ்க்கை. இன்றைய இளையோரில் பலர் பேருந்திலும் இரு சக்கர வண்டியிலும் சென்று, உட்கார்ந்து செய்யும் படிப்பிலோ வேலையிலோ நாளைக் கழிக்கின்றனர். மலையில் வாழ்வதனாலேயே உடல் பயிற்சி பெற்றுவிடும் என்ற நிலை இப்போது இல்லை.

எடையும் உட்கூறும்

மருத்துவமனைகளில் பி.எம்.ஐ. என்று சொல்லப்படும் உடல் நிறை குறியெண், கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறப்படுகிறது. 165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியெண், 60 ÷ (1.65 × 1.65), அதாவது ஏறத்தாழ 22 ஆகும். இது இயல்பான அளவு.

இதே உயரமும் எடையும் உள்ள இரண்டு இளைஞர்களை எண்ணிப் பார்க்கலாம். முதலாமவர் உடலில் கொழுப்பு 15 விழுக்காடு, அதாவது 9 கிலோ. இரண்டாமவர் உடலில் 27 விழுக்காடு, அதாவது 16.2 கிலோ. இருவர் குறியெண்ணும் 22 தான். ஆனால் இரண்டாமவர் 7 கிலோவுக்கு மேல் கூடுதல் கொழுப்பைச் சுமக்கிறார். அதே அளவுக்குத் தசை முதலிய பிற கூறுகள் அவரிடம் குறைவாக உள்ளன. எடை இயந்திரம் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

பொதுவாக இளம் ஆண்களுக்கு 10 முதல் 20 விழுக்காடு வரையும், இளம் பெண்களுக்கு 20 முதல் 30 விழுக்காடு வரையும் உடற்கொழுப்பு இயல்பெனக் கொள்ளப்படுகிறது. பெண்களுக்கு இயற்கையிலேயே கூடுதல் கொழுப்பு தேவை. மாதவிடாய் ஒழுங்குக்கும் மகப்பேற்றுக்கும் அது உதவுகிறது. எனவே கொழுப்பை முற்றிலும் நீக்க முயல்வது யாருக்கும் நல்லதன்று.

மெலிந்த தோற்றத்தில் மறைந்த கொழுப்பு

இந்தியர்களிடம் இச்சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை குறியெண் 22.3. எக்ஸ்-கதிர் முறையில் அளந்தபோது யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடாகவும், யாக்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடாகவும் இருந்தன. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக்குக்கு அப்படிப்பட்ட பழக்கம் இல்லை. பிறந்தபோது எடை குறைவாக இருந்ததும் யாக்னிக்கின் கொழுப்பு மிகுதிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அக்குறிப்பு சுட்டியது.

பார்வைக்கு ஒல்லியாகவும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கும் இந்த உடல்வாகில், கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள் கல்லீரல், குடல் ஆகியவற்றைச் சுற்றிச் சேர்கிறது. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிட இது தீங்கானது. இதனால்தான் இந்தியர்களுக்குக் குறியெண் 23-ஐத் தாண்டினாலே எடை மிகுதி என்றும், 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. ஐரோப்பியர்களுக்கு இந்த எல்லைகள் 25, 30 ஆகும்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் உள்ளன. இந்தியர்களுக்கு இந்நோய் ஐரோப்பியர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆகவே, இருபது வயதில் உடல் எவ்வாறு அமைகிறது என்பது நாற்பது வயதின் நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

அளவிடும் முறைகள்

உடற்கொழுப்பைத் துல்லியமாக அளக்க டெக்சா எனப்படும் இரட்டை ஆற்றல் எக்ஸ்-கதிர் கருவி பயன்படுகிறது. பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இது கிடைக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் உள்ள மின்தடைக் கருவிகள், உடலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்பைக் கணக்கிடுகின்றன. குடித்த தண்ணீரின் அளவைப் பொறுத்து இக்கருவியின் கணக்கு மாறக்கூடும். தோல்மடிப்பை இடுக்கியால் பிடித்து அளப்பது மற்றொரு முறை.

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது இடுப்புச் சுற்றளவை அளப்பதாகும். தையல்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லைகளாகும். மாதம் ஒருமுறை எடையோடு இந்த அளவையும் குறித்துவந்தால் உட்கூறு எத்திசையில் மாறுகிறது என்பது தெரியும்.

உழைப்பும் பயிற்சியும்

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் உள்ள பேரூராட்சி நடுவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்கோனா பயிரிடப்பட்ட ஊர் இது. இன்று தேயிலைத் தோட்டங்களால் அறியப்படுகிறது. சரிவில் நின்று நாள் முழுவதும் கொழுந்து பறித்து, நிரம்பிய சுமையை எடை போடும் இடத்துக்குக் கொண்டு செல்வது கடினமான உடலுழைப்பு. ஆயினும் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல.

உழைப்பில் ஒரே வகை அசைவு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. சில தசைகள் அளவுக்கு மீறிக் களைப்படைகின்றன. வேறு சில பயன்படாமலே கிடக்கின்றன. முதுகுவலியும் தோள்வலியும் இதன் விளைவுகள். பயிற்சியில் சுமை சிறிது சிறிதாகக் கூட்டப்படுகிறது, எல்லாப் பெரிய தசைகளுக்கும் வேலை தரப்படுகிறது, இடையே ஓய்வும் உண்டு. உடல் வலுவடைவது இந்த ஓய்வு நேரத்தில்தான். தோட்ட வேலை செய்யும் இளைஞருக்கும் வாரம் இருமுறை தசை வலுப்பயிற்சி பயன் தரும் என்பதற்கு இதுவே காரணம்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

கொழுப்பு: ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் சமதரையில் விரைவாக நடந்தால் சுமார் 130 கிலோகலோரி செலவாகும். இக்கணக்குப்படி, உணவு மாறாதிருந்தால், நடையால் மட்டும் ஒரு கிலோ கொழுப்பைக் குறைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். இரண்டே வாரத்தில் பலன் எதிர்பார்ப்பவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுவது இதை அறியாததால்தான். வயிற்றுக்கான பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் தவறான நம்பிக்கை. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எனினும் தொடர்ந்த பயிற்சியில் உள்வயிற்றுக் கொழுப்பு நன்றாகக் குறைகிறது.

தசை: முதல் சில வாரங்களில் வலு கூடுவதற்குக் காரணம், நரம்புகள் தசைநார்களை ஒருங்கே இயக்கப் பழகுவதாகும். தசையின் பருமன் அதன் பிறகே கூடுகிறது. புதிதாகப் பயிற்சி தொடங்கும் இளைஞர் ஒருவர் மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ தசை பெறக்கூடும். அதே காலத்தில் கொழுப்பு இரண்டு கிலோ குறைந்திருந்தால் எடையில் மாற்றமே தெரியாது. கால்சட்டையின் இடுப்பு தளர்ந்திருக்கும்.

எலும்பு: எலும்பின் அடர்த்தி இருபதுகளின் இறுதிவரை கூடி உச்சத்தை அடைகிறது. ஓடுதல், கயிறு தாண்டுதல், சுமை தூக்குதல் ஆகியவை எலும்புக்கு அழுத்தம் தந்து அதை உறுதிப்படுத்துகின்றன. இந்த வயதில் சேர்த்து வைத்த எலும்பு வலிமைதான் முதுமையில், குறிப்பாகப் பெண்களுக்கு, எலும்பு முறிவிலிருந்து காப்பளிக்கிறது.

இதயம்: பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால் ஓய்வுநிலை நாடித்துடிப்பு குறைகிறது. காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு நிமிட நாடியை எண்ணிக் குறித்துவந்தால் சில மாதங்களில் இம்மாற்றத்தைக் காணலாம்.

இரத்தச் சர்க்கரை: உணவுக்குப்பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் பெரும்பங்கை ஏற்பது தசைகளே. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குளுக்கோஸை உள்வாங்கும். ஒருமுறை செய்த பயிற்சியின் இந்தப் பயன் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். வாரக் கடைசியில் மட்டும் செய்யாமல் வாரம் முழுவதும் பிரித்துச் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனம்: ஆழ்ந்த தூக்கம், மனச்சோர்வு குறைதல், பதற்றம் தணிதல் ஆகியவை உடல் மாற்றங்களுக்கு முன்பே தெரியும் பயன்கள்.

எடை குறையாமலும் நலம் கூடும் என்பதற்குச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு சான்றாகும். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 நடுத்தர வயதினரிடம் நடத்திய இவ்வாய்வு 2006-இல் வெளிவந்தது. மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும், நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இரண்டாம் குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

படைப்பயிற்சி தரும் பாடம்

இளையோரின் உடல் சில மாதங்களில் எவ்வளவு மாறக்கூடும் என்பதைப் படைவீரர் பயிற்சியில் காணலாம். குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் 1947 முதல் இயங்கி வருகிறது. 1758-இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் இப்படைப்பிரிவுக்கு வரும் இளைஞர்கள் இங்கு ஓட்டம், நெடுநடை, தடை தாண்டல், சுமையோடு நடத்தல் எனப் படிப்படியாகப் பழக்கப்படுகின்றனர். குறித்த நேரத்தில் உணவும் உறக்கமும் இப்பயிற்சியின் பகுதிகளாகும்.

பின்லாந்து போன்ற கட்டாயப் படைப்பணி உள்ள நாடுகளில் இளைஞர்களின் உட்கூறு பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டுள்ளது. கொழுப்பு மிகுந்து வந்தவர்களின் எடை குறைவதும், மிக மெலிந்து வந்தவர்களின் எடை கூடுவதும் அங்குக் காணப்படும் போக்காகும். ஒரே பயிற்சி இருவரையும் இரு திசைகளில் மாற்றுகிறது.

இராணுவ ஆட்சேர்ப்புக்கான உடல்தகுதித் தேர்வில் 1.6 கி.மீ. ஓட்டம், கம்பியில் தொங்கி உடலை மேலே தூக்குதல், 9 அடி பள்ளம் தாண்டுதல், வளைந்த கட்டையில் சமநிலையோடு நடத்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. தேர்வு அறிவிப்பு வந்தபின் மூன்று நான்கு வாரத்தில் கடுமையாக ஓடிப் பழகுவது பலரின் வழக்கம். தசையும் இதயமும் விரைவில் பழகினாலும் எலும்பும் தசைநாண்களும் மெதுவாகவே பழகுகின்றன. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலியும், சில நேரங்களில் நுண்முறிவும் ஏற்படுவது இந்த அவசரத்தினால்தான். ஆறு மாதம் முன்பே மெல்லத் தொடங்குவது இதைத் தவிர்க்கும்.

மலை உயரமும் மழைக்காலமும்

நடுவட்டம், ஊட்டி போன்ற 2000 மீட்டர் உயர ஊர்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. சமவெளியிலிருந்து வருபவர்களின் ஓடும் திறன் முதலில் பத்தில் ஒரு பங்களவு குறையலாம். ஒன்றிரண்டு வாரம் வேகத்தைக் குறைத்துப் பயிற்சி செய்தால் உடல் பழகிவிடும். மலையிலேயே வளர்ந்தவர்களுக்கு இத்தடை பெரிதாகத் தெரிவதில்லை.

மேட்டில் ஏறும்போது குறைந்த வேகத்திலேயே இதயத்துக்கு நல்ல வேலை கிடைக்கிறது. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்ட நிலையில் உடலைத் தாங்குவதால் அடுத்த ஓரிரு நாள் வலி இருக்கும். இது இயல்பே, சில முறை பழகியபின் குறைந்துவிடும்.

மேற்குச் சரிவை நோக்கிய நடுவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை கடுமையானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியில் ஓடுவது பல நாட்களில் இயலாது. அப்போது தண்டால், பஸ்கி, படியேறுதல், கயிறு தாண்டுதல், யோகாசனம் முதலியவற்றை வீட்டுக்குள் செய்யலாம். குளிரில் தசைகள் இறுகியிருக்கும் என்பதால் தொடக்கத்தில் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மூடுபனி நேரத்திலும் இருள் பிரியும் முன்பும் சாலையில் ஓடுவது, வாகனங்களாலும் காட்டு விலங்குகளாலும் ஆபத்தானது. பள்ளி மைதானம் போன்ற திறந்த இடமே ஏற்றது.

எவ்வளவு பயிற்சி போதும்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரப் பயிற்சி தேவை. அத்துடன் வாரம் இரண்டு நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சியின்போது பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமானது. சில சொற்களுக்கு மேல் பேச மூச்சு இடம் தராவிட்டால் அது தீவிரமானது.

தொடக்கநிலையினர் வாரம் ஐந்து நாள் அரைமணி நேரம் விரைவாக நடந்து, இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும் செய்தாலே இந்த அளவு நிறைவேறிவிடும். எண்ணிக்கையையோ சுமையையோ வாரந்தோறும் சிறிதளவே கூட்ட வேண்டும். இதற்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமில்லை.

உணவு

தசை வளரப் புரதம் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். கடும் பயிற்சி செய்வோருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அவரை, மொச்சை, கொண்டைக்கடலை, பருப்பு, நிலக்கடலை, முட்டை, பால், மீன் ஆகியவற்றிலிருந்தே இதைப் பெறலாம். புரதத் தூள்களைத் தவிர்க்குமாறு 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. குளிருக்கு இதமாக அடிக்கடி குடிக்கும் சர்க்கரைத் தேநீரும் அதனுடன் தின்னும் வர்க்கியும் வடையும், அரைமணி நடையில் செலவான ஆற்றலை எளிதில் ஈடுசெய்துவிடும்.

உடல் இளைக்க வேண்டுமென்று பட்டினி கிடந்து பயிற்சி செய்தால் கொழுப்போடு தசையும் கரையும். பெண்களுக்கு மாதவிடாய் தவறினால் உணவு போதவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறியாகும். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முன்னெச்சரிக்கைகள்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தசோகை உள்ளவர் விரைவில் களைப்பதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துச் சரிசெய்தபின் பயிற்சியைக் கூட்டுவதே முறை.

நீலகிரியில் கவனிக்க வேண்டிய மற்றொன்று அரிவாள் அணு இரத்தசோகை. இந்தியாவில் இம்மரபுக்கூறு முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. இருளர், குறும்பர், பணியர் போன்ற சமூகத்தினரிடம் இது காணப்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இக்கூறைப் பெற்றவர்களுக்கு நோய் உண்டாகும். அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவிலேயே பயிற்சி செய்ய வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் இயல்பாக விளையாடலாம், ஓடலாம். ஆனால் பழக்கமின்றி, தண்ணீர் குடிக்காமல், மூச்சு முட்ட ஓடுவது அவர்களுக்கு ஆபத்தாகலாம். அமெரிக்கப் படையில் சுமார் 48,000 கறுப்பின வீரர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், இக்கூறு உடையவர்களுக்கு இறப்பு விகிதம் கூடவில்லை. கடும் உழைப்பால் தசை சிதையும் வாய்ப்பு மட்டும் 54 விழுக்காடு கூடுதலாக இருந்தது. படிப்படியான பயிற்சி, போதிய நீர், இடையிடையே ஓய்வு ஆகியவை இதைப் பெருமளவு தவிர்க்கும். 2023-இல் தொடங்கிய தேசிய அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்கீழ் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்யப்படுகிறது. ஆட்சேர்ப்புக்காகப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் முதலிலேயே இதைச் செய்துகொள்வது நல்லது.

பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், கறுத்த நிறச் சிறுநீர், தாங்க முடியாத தசைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடல் விரைவில் பெருக்கும் என்று விற்கப்படும் ஸ்டீராய்டு ஊசிகளும் மாத்திரைகளும் இதயம், கல்லீரல், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றைப் பாதிப்பவை.

பயிற்சி நின்றால்

பயிற்சியின் பயன் சேமித்து வைக்கக்கூடியதன்று. நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்தில் மூச்சுத்திறன் குறையத் தொடங்குகிறது. தசை வலு சில மாதம் தாங்கும். உணவு பழைய அளவிலேயே தொடர்ந்தால் கொழுப்பு மீண்டும் சேரும். பள்ளி, கல்லூரி அணிகளில் விளையாடியவர்கள் வேலைக்குச் சென்ற சில ஆண்டுகளில் பருத்துவிடுவது இதனால்தான். தசை கொழுப்பாக மாறிவிட்டது என்று பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. உண்மையில் தசை சுருங்குகிறது, கொழுப்பு தனியே சேர்கிறது. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை.

ஆனால் முன்பு பயிற்சி பெற்ற தசை, மீண்டும் தொடங்கும்போது புதிய தசையைவிட விரைவில் வலுப்பெறுகிறது. பயிற்சியைக் குறைக்க நேர்ந்தாலும் முற்றிலும் நிறுத்தாமல், வாரம் ஒருமுறையேனும் முழு வேகத்தில் செய்துவந்தால் பெற்ற வலுவின் பெரும்பகுதியைத் தக்கவைக்கலாம்.